வருகைப் பதிவேட்டில் தொடங்கும் வேலை

பள்ளி ஆலோசகர் படிப்பு பற்றியும், படிப்பைப் பாதியில் விடும் நிலையில் இருக்கும் பிள்ளைகள் பற்றியும் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களின் ஊர் மட்டும் தரப்பட்டிருக்கிறது.

பி.எஸ்சி. வேதியியல், பி.எட். முடித்து ஆறு ஆண்டாகத் தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி ஆலோசகராக மாற ஆசை. வேலையை விடாமல் அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. உளவியல் படித்துவிடலாம் என்கிறார்கள். படிக்கலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அந்த வழி அடைபட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உத்தரவிட்டிருக்கிறது. துணைநிலை மருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் உளவியலாளர்களும் இருப்பதுதான் காரணம். "சீட் இருக்கு, பணத்தைக் கட்டுங்க" என்று இப்போதும் சொல்லும் படிப்பு மையங்கள் இருக்கும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

நேரடிப் படிப்பு என்றால் உங்கள் ஊரிலிருந்து பஸ் தூரத்திலேயே இரண்டு பல்கலைக்கழகங்கள். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம்: பயன்பாட்டு உளவியலில் எம்.எஸ்சி.யும் சமூகப்பணி முதுகலையும் (எம்.எஸ்.டபிள்யூ.) உண்டு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை. புதுவையில் சேர கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம், மார்ச் வாக்கில் தேர்வு. உளவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பலர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். மதிப்பெண் வந்ததும் இடம் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தச் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்தால்தான் தரவரிசையில் பெயர் வரும்.

வேதியியல் பட்டத்தோடு உளவியல் முதுகலைக்குப் போகும்போது தகுதி விதியை முதலில் படியுங்கள். பல இடங்களில் இளங்கலையிலும் உளவியல் கேட்பார்கள். எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டமும் போதும். பள்ளி வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. ஒரு படி கீழே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. வாரம் இரண்டு நாள் களப்பணி, வீட்டுக்குப் போய்ப் பேசும் பழக்கம், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்ற அறிவு இவையெல்லாம் அதில்தான் கூடுதலாகக் கிடைக்கின்றன. தேர்வுப் பயம், பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றைப் பல அமர்வுகளில் கையாளும் திறன் வேண்டுமென்றால் உளவியல் முதுகலையே சரி.

வேலையை விட முடியாத ஆசிரியருக்கு என்சிஇஆர்டி நடத்தும் வழிகாட்டல்-ஆலோசனைப் பட்டயம் இருக்கிறது. ஓராண்டுப் படிப்பு: ஆறு மாதம் வீட்டிலிருந்து, மூன்று மாதம் நேரில், கடைசி மூன்று மாதம் பள்ளிப் பயிற்சி. தென் மாநிலங்களுக்கு மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம்தான் மையம். நடுவில் வரும் அந்த மூன்று மாதத்துக்கு விடுப்பு தருவார்களா என்று நிர்வாகத்திடம் இப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் கட்டணம் கட்டும் முன் துறையில் மூன்று விஷயம் கேளுங்கள். இரண்டு ஆண்டில் பிள்ளைகளோடு நேராக உட்கார்ந்து பேசும் நேரம் எத்தனை மணி? அதை மேற்பார்வை செய்பவர் யார், ஒருவருக்கு எத்தனை மாணவர்? நீங்கள் எழுதும் அமர்வுக் குறிப்பை அவர் வாரம் ஒருமுறையாவது படித்துத் திருத்துவாரா? "விசிட் கூட்டிட்டுப் போவோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். மேற்பார்வை இல்லாமல் நூறு பிள்ளைகளிடம் பேசியவருக்கு ஒரே தவறை நூறு முறை செய்த அனுபவம்தான் மிஞ்சும்.

இன்னொன்று: இந்தப் பட்டங்கள் எதை வைத்தும் பெயர்ப்பலகையில் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போடக் கூடாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற தனிப் படிப்பும் பதிவு எண்ணும் வேண்டும்.

படித்தால் வேலை உண்டா? அமெரிக்காவில் இதே படிப்பை முடித்தால் இங்கே மதிப்பு கூடுமா?
– வாசகர், லாஸ்பேட்டை

முன்பைவிட வாய்ப்பு கூடியிருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று சுக்தேவ் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்படி, 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். பயிற்சி மையங்களும் விடுதிகளும் இதில் அடக்கம். உங்கள் ஊரில் கூடுதலாக ஒரு காரணம்: புதுவை அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, சிபிஎஸ்இ இணைப்பு விதிகளும் ஆலோசகர் வேண்டும் என்கின்றன. விதி இருப்பதும் பணியிடம் நிரம்புவதும் வேறு வேறு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பல தனியார் பள்ளிகளில் "ஆலோசகர்" என்ற பெயரில் பாதி நேரம் பாடமும் மீதி நேரம் சேர்க்கை வேலையும் கொடுக்கிறார்கள். நேர்காணலிலேயே வாரத்துக்கு எத்தனை பீரியட் பாடம் எடுக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கதவு உள்ள ஓர் அறையையும் பூட்டு உள்ள ஓர் அலமாரியையும் சேர்த்துக் கேளுங்கள்.

அமெரிக்கப் படிப்பில் சிஏசிஆர்இபி என்ற அமைப்பின் அங்கீகாரம் உள்ள முதுகலையில் 100 மணி நேர முன்பயிற்சி, பிறகு 600 மணி நேரப் பள்ளிப் பயிற்சி, அதில் 240 மணி மாணவர்களோடு நேரடியாக. பணி உரிமம் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே திரும்பி வந்தால் அதற்கென்று தனி உரிமமோ சம்பள நிலையோ கிடையாது. அங்கேயே தங்கும் எண்ணம் இருந்தால் போங்கள். அந்த மணிக்கணக்கை மட்டும் இங்கே உள்ள படிப்பை எடைபோடும் படிக்கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

எம்.எஸ்.டபிள்யூ. முதலாண்டு. களப்பணிக்குக் கடற்கரையோரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி கொடுத்திருக்கிறார்கள். "பிரச்சினை உள்ள பிள்ளைகளைப் பார்த்துப் பேசும்மா" என்று தலைமையாசிரியர் சொன்னார். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அடிக்கடி வருவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, தாழங்குடா

"பிரச்சினை உள்ள பிள்ளைகள்" என்று ஆசிரியர்கள் தரும் பட்டியலில் வகுப்பில் சத்தம் போடுகிறவர்கள்தான் இருப்பார்கள். சத்தமில்லாமல் நழுவிப் போகிறவன் அதில் இருக்க மாட்டான். அதனால் வருகைப் பதிவேட்டை எடுத்து உட்காருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 22 நாள் தவறினால் பாடம் பிடிபடாமல் போகிறது. ஆண்டு முடியும் வரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மாதம் இரண்டு நாளுக்கு மேல் வராதவர்களை ஜூன், ஜூலையிலேயே குறித்துவிடலாம்.

எண்ணிக்கையோடு எந்த நாள் என்பதையும் பாருங்கள். திங்கள்கிழமை மட்டும் வராதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கடலூரில் புதுவை எல்லைச் சாராயக் கடைகள் கூப்பிடு தூரம். அப்பா குடித்துவிட்டு வந்த இரவுக்கு மறுநாள் பிள்ளை பள்ளிக்கு வராது. கணக்கு ஆசிரியரின் பீரியட் உள்ள நாளில் மட்டும் வராதவன் விஷயம் வேறு, அதை வகுப்பறையில் தேட வேண்டும். தொடர்ந்து பத்து நாள் காணாமல் போய்த் திரும்பி வருகிறவன் எங்கோ கூலிக்குப் போயிருப்பான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். தடை முடிந்து படகு இறங்குவதும் பள்ளி திறப்பதும் ஏறத்தாழ ஒரே நேரம். விடுமுறையில் ஐஸ் உடைக்கவும் வலை பிரிக்கவும் போய்க் காசு பார்த்த பையன் திரும்பி வராமல் போவது அப்போதுதான். ஜூன் மூன்றாம் வாரப் பதிவேட்டைத் தவறவிடாதீர்கள்.

அடுத்தது வீடு. தெருவில் நாலு பேர் பார்க்கும்படி "ஏன் அனுப்பலை?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். மீன் வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் கிடைக்க மாட்டார்கள், மாலை நான்குக்கு மேல் போங்கள். முதல் தடவை அறிவுரை எதுவும் வேண்டாம். "தம்பி வரலைன்னு டீச்சர் கேட்டாங்க, உடம்பு சரியில்லையான்னு பார்க்க வந்தேன்" என்பதோடு நிறுத்துங்கள். இரண்டாவது தடவை போகும்போது காரணம் தானாக வரும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் பேச்சால் தீராது. சாதிச் சான்றிதழ் இல்லாத இருளர் வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் ஆலோசனையைவிடக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு அவசரம். எட்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவனுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்துப் பயனில்லை. தினம் அரை மணி வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்யுங்கள். 14 வயதுக்குக் கீழே என்றால் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் கைகொடுப்பதற்கு விதிவிலக்கு உண்டு, அதுவும் ஆபத்தான தொழிலாக இருக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களையும் ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. முதலாளி வைத்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

எல்லையோர ஊர் என்பதால் ஓர் எச்சரிக்கை. "இந்தப் பள்ளி பிடிக்கலை, மாமா வீட்டில் தங்கிப் புதுவைப் பக்கம் பாகூரில் படிக்கட்டும்" என்று குடும்பங்கள் எளிதாக முடிவெடுக்கும். தமிழ்நாட்டின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும், மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் (மாத உதவித்தொகைக்கு அரசு உதவிபெறும் பள்ளியும் சேரும்) படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. எட்டாம் வகுப்பில் ஓராண்டு எல்லை தாண்டிவிட்டு, பன்னிரண்டு முடித்தபின் வந்து அழுவதில் பயனில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் பெற்றோருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

களப்பணி முடியும்போது முப்பது பிள்ளைகளைப் பார்த்தேன் என்று அறிக்கை எழுதுவதைவிட, ஆறு பேரை எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை அவர்கள் வருகையை வரைபடமாகப் போட்டுக் காட்டுங்கள். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகளின் பலங்களையும் மனச் சிரமங்களையும் அளக்கும் எஸ்டிக்யூ வினாத்தாளை ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் கொடுத்தோம். பதினோரு பேருக்கு 20-க்கு மேல் வந்திருக்கிறது. பெற்றோரை அழைக்கலாமா?
– வாசகர், வில்லியனூர்

இப்போது வேண்டாம். எஸ்டிக்யூவில் 25 வரிகள். அதில் 20 வரிகளின் கூட்டல்தான் 40-க்கான சிரம மதிப்பெண், மீதி ஐந்து பிறரிடம் நடந்துகொள்ளும் நல்ல குணம் பற்றியவை. மாணவரே நிரப்பும் தாளில் 20, ஆசிரியர் நிரப்பும் தாளில் 16, பெற்றோர் தாளில் 17 என்று உயர் எல்லைகள் வேறுபடும். ஒன்றின் எல்லையை இன்னொன்றுக்குப் போட்டுக் குழம்புவது அடிக்கடி நடக்கிறது. அந்த எல்லைகளும் பிரிட்டனில் வகுக்கப்பட்டவை. இது வடிகட்டி மட்டுமே, நோய்ப்பெயர் சொல்லும் கருவி அல்ல.

கூட்டலில் தலைகீழாக எண்ண வேண்டிய ஐந்து வரிகளைச் சரிபாருங்கள். பிறகு பதினோரு பேரையும் தனித்தனியாக இருபது நிமிடம் பாருங்கள். ஒரே நாளில் வரிசையாக அழைத்தால் வகுப்பே பெயர் வைத்துவிடும், வேறு சிலரையும் கலந்து அழையுங்கள். பார்த்தபின் என்ன செய்வது என்ற ஏற்பாடு இல்லாமல் வினாத்தாள் கொடுப்பதே தவறு என்பது எங்கள் கருத்து. அடுத்த முறை, யாரிடம் அனுப்புவது என்பதை முடிவு செய்துகொண்டு தாளை அச்சிடுங்கள்.

பள்ளி ஆலோசகராகச் சேர்ந்து ஆறு மாதம். ஒரு மாணவி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று கேட்டுவிட்டு, உறவினர் ஒருவர் தவறாக நடப்பதைச் சொன்னாள். நான் சத்தியம் செய்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?
– வாசகி, பண்ருட்டி

சொல்லித்தான் ஆக வேண்டும், இன்றே. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவருக்குக் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்கு வராது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு உங்கள் கடமை முடியாது. "குடும்ப விஷயம், கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாம்" என்று அவர் சொன்னாலும் நிறுத்தக் கூடாது.

முதலில் மாணவியிடம் போங்கள். "சத்தியம் பண்ணது என் தப்பு. இது உன்னைக் காப்பாத்தற விஷயம், அதனால சொல்ல வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லப் போறேன். வகுப்புக்குத் தெரியாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் நடந்ததாக அவள் அறிந்தால் இனி எந்தப் பெரியவரையும் நம்ப மாட்டாள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொன்ன சொற்களிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வைத்தால் போதும். விசாரணை உங்கள் வேலை அல்ல. பள்ளியில் நாலு பேர் மாறி மாறிக் கேட்டால் அவள் பேச்சில் சின்ன மாறுதல்கள் வரும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பின்னால் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அன்று மாலை அவள் அதே வீட்டுக்குத் திரும்புவது பாதுகாப்பா என்பதைக் குழந்தைகள் நலக் குழுதான் முடிவு செய்யும், 1098 மூலமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமும் அவர்களை எட்டலாம். வாக்குமூலத்தைக் கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பெற வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. காவல் நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்று பயந்திருக்கும் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி யாரிடமும் முதல் அமர்வின் முதல் நிமிடத்திலேயே வரம்பைச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது என்னோட இருக்கும். உன் உயிருக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னாலும், யாராவது உன்னைத் துன்புறுத்தினாலும் மட்டும் சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." அறைச் சுவரில் எழுதி மாட்டினாலும் நல்லது.

பத்தாம் வகுப்பு மாணவி நோட்டில் "வாழப் பிடிக்கவில்லை" என்று எழுதியிருந்தாள். கேட்டால் விளையாட்டுக்கு என்கிறாள். மேற்கொண்டு கிளறினால் நாமே எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ?
– தலைமையாசிரியர், நெல்லிக்குப்பம்

ஆகாது. நேராகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை, பாரத்தை இறக்கத்தான் உதவுகிறது. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று அந்தச் சொல்லையே வைத்துக் கேளுங்கள். "அப்படி எதுவும் இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். ஆம் என்றால் அடுத்தடுத்து: எப்படி என்று யோசித்திருக்கிறாளா, அதற்கான பொருள் கைக்கு எட்டுமா, எப்போது என்று நினைத்தாள், முன்பு முயன்றிருக்கிறாளா. திட்டமும் பொருளும் இருந்தால் அவளை ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள், கழிவறைக்கும் ஒருவர் கூடப் போகட்டும். பெற்றோர் நேரில் வந்து அழைத்துப் போக வேண்டும். பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது, போனில் சொல்லி முடிக்கவும் கூடாது.

பெற்றோரிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். வீட்டில், கொல்லையில், மோட்டார் கொட்டகையில் உள்ள பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரைகளை அன்றே அகற்றுவது. "பூட்டி வைக்கிறோம்" என்றால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். இரண்டாவது, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ கோரிமேடு ஜிப்மரிலோ மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போவது. இரவில் பேச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. எதையாவது விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், உப்புத் தண்ணீர் கொடுக்காமல், பாட்டிலையோ அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு 108. "நல்லாத்தானே இருக்கா" என்று வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது, சில விஷங்கள் முதல் நாளில் அறிகுறி காட்டாது.

"போலீஸ் கேஸ் ஆயிடும்" என்ற பயத்தில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைச் சொல்லிப் பயத்தைக் கலையுங்கள்.

திரும்பி வரும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். காலையில் அவளை எதிர்கொள்ளும் ஓர் ஆசிரியை, தாங்க முடியாத நேரத்தில் காரணம் சொல்லாமல் வகுப்பிலிருந்து எழுந்து வர அனுமதி, விட்டுப்போன தேர்வுகளுக்குத் தள்ளிவைத்த தேதி. முதல் மாதம் வாரம் இரண்டு முறை சந்திப்பு. எல்லோரும் கூடி அறிவுரை சொல்லும் கூட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏழாம் வகுப்புப் பையன்கள் உதட்டுக்குள் ஹான்ஸ், கூல் லிப் புகையிலை வைத்துக்கொண்டு வகுப்பில் உட்காருகிறார்கள். டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறது நிர்வாகம்.
– ஆசிரியர், முள்ளோடை

டி.சி. கொடுத்தால் பழக்கம் பையனோடு போகும், விற்பவர் அங்கேயே இருப்பார். 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில், பிள்ளைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதே குற்றம். எந்தக் கடை என்று பையன்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லாதீர்கள், அடி அவர்களுக்குத்தான் விழும். ஆசிரியர்களே இடைவேளையில் நின்று பார்த்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் காவல் நிலையத்துக்கு எழுதுங்கள்.

பையனிடம் ஒரு நாளைக்கு எத்தனை, முதல் ஒன்று எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் என்று கேளுங்கள். கண் விழித்த அரை மணிக்குள் என்றால் பழக்கம் ஆழமாகிவிட்டது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, வெள்ளைத் திட்டோ புண்ணோ இருந்தால் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சலும் கவனச் சிதறலும் தலைவலியும் வரும். அந்த வாரம் அவனைப் பின்வரிசையிலிருந்து முன்னுக்கு மாற்றி, வகுப்பு நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போக விடுங்கள்.